கழற்றக் கழற்ற எடை கூடிய கார்

மூன்றாவது முறையும் கார் எடைமேடையில் ஏறி நின்றது. மரக்கடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எழுநூத்தி எண்பது" என்றார்.

விஸ்வநாதன் சார் டைரியைத் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"போன மாசம் எழுநூத்தி அம்பது."

"ஆமா சார்" என்றான் சொரிமுத்து.

"அதுக்கப்புறம் இடது பக்கத்து சீட்டக் கழட்டுனோம். ஸ்டெப்னி, கார்பெட், ரெண்டு கதவுக் கண்ணாடி, ரேடியோ. எல்லாத்தையும் தனியா நிறுத்தப்போ நாப்பத்திரெண்டு கிலோ இருந்துச்சு."

"ஆமா சார்."

"நீ வண்டியவிட்டு எறங்கிட்டியா?"

"எறங்கித்தான சார் உங்க பக்கத்துல நிக்கேன்."

சார் அவனை ஏற இறங்கப் பார்த்து, அவன் பக்கத்தில்தான் நிற்கிறான் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு மரக்கடைக்காரரிடம் திரும்பி, மேடையில் ஏதும் கோளாறு இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டார். மரக்கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை. ஆனி மாதப் புழுக்கத்தில் அதற்குத் தெம்பு இல்லை.

"போன வாரந்தான் சோதிச்சு முத்திரை வச்சிட்டுப் போனாங்க சார். பின்னால லாரி நிக்கு. வண்டிய எடுங்க."

சொரிமுத்து வண்டியை எடுத்தான். ஒரு பொருளிலிருந்து நாற்பத்திரண்டு கிலோவைக் கழித்தால் முப்பது கிலோ எப்படிக் கூடும் என்று யோசித்தபடி சார் தென்காசி வெயிலில் பின்னால் நடந்து வந்தார். முப்பத்துநான்கு வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்திய மனுஷன். அவரை இப்படி யோசிக்க வைப்பது பாவம் என்று சொரிமுத்துவுக்குத் தெரியும். எடை ஏன் கூடியது என்றும் தெரியும். காரின் அடியில், தரைத்தகட்டுக்குக் கீழே, எழுபத்திரண்டு கிலோ இரும்புப் பலகையை வைத்து வெல்டிங் செய்தவன் அவன்தான்.

அந்தக் கார் தை மாதம் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டு மேலகரத்திலிருந்த அவனுடைய ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தது. இரண்டே பேர் உட்காரும் தாழ்ந்த கார். ஃபைபர் உடம்பு. செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். சாருடைய அப்பா கடைசிக் காலத்தில் ஏதோ ஒரு வேகத்தில் வாங்கி, இடுப்புவலியோடு உள்ளே ஒரு தடவை இறங்கி, வெளியே வர மூன்று பேர் தேவைப்பட்டதால் அப்படியே நிறுத்திவிட்டார். குடும்பச் சொத்தைப் பிரித்தபோது அண்ணன் கைலாசத்துக்கு வயல், தங்கைக்கு வீடு என்று போக, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த விஸ்வநாதன் சாருக்குக் கார் வந்தது.

"மலையேற்றப் பந்தயத்துக்கு மாத்தணும்" என்றார் சார்.

"எதுக்கு சார்?"

சார் போனை எடுத்துக் காட்டினார். திருநெல்வேலியில் கார்ப் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். டாக்டர்கள், ஓட்டல்காரர்கள், வக்கீல்கள். ஆவணி மாதம் மேக்கரைக்கு மேலே ஒரு தனியார் எஸ்டேட் சாலையில் போட்டி நடத்தப்போகிறார்கள். மூன்று கிலோமீட்டர் ஏற்றம், பன்னிரண்டு வளைவுகள். ஒவ்வொரு காராக மேலே போக வேண்டும். யார் குறைந்த நேரத்தில் உச்சிக்குப் போகிறார்களோ அவருக்குக் கோப்பை.

சொரிமுத்து இருபத்திரண்டு வருஷமாக டூரிஸ்ட் வேனுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் கிளட்ச் பிளேட் மாற்றிக்கொண்டிருப்பவன். பந்தயக் கார் என்றதும் அவனுக்கும் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. அந்த ஆசைதான் அவனைக் கெடுத்தது. விபத்தில் பின்பக்கம் நொறுங்கிப்போன ஒரு பெரிய காரின் இன்ஜினைத் தேடிப் பிடித்து, இரண்டு மாதம் மல்லுக்கட்டி அந்தச் சின்னக் காருக்குள் இறக்கினான். பங்குனியில் ஒரு காலை, ஐந்தருவிச் சாலை வெறிச்சோடிக் கிடந்த நேரத்தில் ஓட்டிப் பார்த்தான்.

ஆக்சிலேட்டரைப் பாதிதான் மிதித்தான். அதற்குள் அவனுடைய வயிறு ஒரு பர்லாங்கு பின்னால் தங்கிவிட்டது. கார் கிளம்பவில்லை, பாய்ந்தது. வளைவில் பின்சக்கரம் தன் விருப்பத்துக்கு ஒரு பக்கம் போனது. எப்படியோ நிறுத்தி, இறங்கி, சாலையோர மதகில் உட்கார்ந்துகொண்டு மூச்சு விட்டான்.

தூரத்தில் சார் கையில் ஸ்டாப்வாட்சோடு நடந்து வந்துகொண்டிருந்தார். அறுபத்தொரு வயது. கொடிக்கம்பம் மாதிரி உடம்பு. எதிரே ஒரு சைக்கிள் வந்ததற்கே ஓரமாக ஒதுங்கி, அது போகிற வரைக்கும் நின்றுவிட்டு நடந்தார்.

இந்த மனுஷன் இந்தக் காரில் பன்னிரண்டு வளைவு ஏறப் போகிறாரா என்று சொரிமுத்து மதகைவிட்டு எழாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி முத்துச்செல்வி குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, உப்பு கூடிட்டா?"

"சார் செத்துருவாரு."

"எந்த சாரு?"

"கார் சாரு. நான் வச்சிருக்க இன்ஜின் அவர மூணாவது வளைவுல தூக்கிப் பள்ளத்துல போட்டுரும். என் கையால செஞ்ச வண்டி."

"அப்ப முடியாதுன்னு சொல்லிருங்க. இதுக்கு எதுக்கு சோத்த வச்சிக்கிட்டு முழிக்கீய?"

சொல்லித்தான் பார்த்தான். இந்த வண்டி சரிப்பட்டு வராது, வேறு ஏதாவது பொழுதுபோக்கு பார்க்கலாம், குற்றாலத்தில் காலையில் நடைப்பயிற்சிக்கு ஒரு கோஷ்டி போகிறது என்று இழுத்தான். சார் கோபப்படவில்லை. டைரியை மூடினார்.

"புனலூர்ல ஒருத்தர் இருக்காராம். இதைவிட இன்னும் வேகமா பண்ணித் தருவாராம். உனக்குச் சிரமமா இருந்தா நான் அங்க கொண்டு போறேன் சொரிமுத்து. தப்பா நினைக்க மாட்டேன்."

"வேண்டாம் சார். நானே செய்யுதேன்" என்று அவசரமாகச் சொன்னான் சொரிமுத்து. புனலூர்க்காரனுக்கு சாரைத் தெரியாது. கேட்டதைச் செய்துகொடுத்துவிடுவான்.

வழி ஒன்றுதான் இருந்தது. சாருக்குத் தெரியாமல் காரைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்க வேண்டும். உயிரோடு ஏறி, உயிரோடு இறங்கினால் போதும்.

கார் புரண்டால் ஆளை நசுக்காமல் இருக்க உள்ளே குழாயால் ஒரு கூண்டு கட்ட வேண்டும் என்பது போட்டி விதி. அங்கிருந்து தொடங்கினான். பக்கத்துக் கடை வெல்டர் பெஞ்சமின் குழாயைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"ஏலே, இது தண்ணி டேங்குக்கு முட்டுக் குடுக்க குழாய்லா. இத உள்ள வச்சா வண்டி எந்திரிக்காதுலே."

"எந்திரிக்கக் கூடாதுன்னுதான் வைக்கச் சொல்லுதேன்."

"வெளங்கலியே."

"ஒனக்கு வெளங்க வேண்டாம். பத்த வையி."

கூண்டு எழுந்தது. கோயில் சப்பரத்தைத் தூக்கிக் காருக்குள் வைத்த மாதிரி இருந்தது. சார் அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, "ரொம்பப் பலமா இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்ட கையோடு, கூண்டின் எடையை ஈடுகட்ட வேண்டும் என்று சீட்டையும் கண்ணாடியையும் கழற்றச் சொன்னார். கழற்றியதை ஈடுகட்ட சொரிமுத்து இரும்புப் பலகையை வைத்தான். அதுதான் எடைமேடையில் எழுநூற்று எண்பதாகப் போய் நின்றது.

எடைமேடையிலிருந்து திரும்பிய மறுநாள் சார் ஒரு முடிவோடு வந்தார்.

"எங்க எடை கூடுதுன்னு தெரியல. தெரியாததைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கதவு ரெண்டையும் எடுத்துரு."

"கதவு இல்லாமயா சார்?"

"இவ்வளவு பலமான கூண்டு இருக்கும்போது கதவு எதுக்கு?"

தன்னுடைய கூண்டே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று சொரிமுத்து எதிர்பார்க்கவில்லை. கதவுகள் போயின. இப்போது கார் வேகமாகவும் போகும், வளைவில் ஆளை வெளியேயும் கொட்டும். அன்றைக்குச் சாயங்காலம் ஆக்சிலேட்டர் மிதிக்குக் கீழே ஒரு பெரிய நட்டை வைத்து வெல்டிங் செய்தான். இனி யார் எவ்வளவு மிதித்தாலும் மிதி பாதிக்கு மேல் கீழே போகாது.

பழைய குற்றாலம் போகிற ஏற்றத்தில் காலை ஆறு மணிக்குச் சோதனை நடந்தது. வழக்கம்போல சொரிமுத்து ஓட்டினான், சார் மேலே நின்று நேரம் பார்த்தார்.

"ஒன்பது செகண்டு கூடிருச்சு" என்றார் சார். குரலில் வருத்தம் இருந்தது.

"நீங்களும் ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமே சார்" என்றான் சொரிமுத்து. தன் எதிரிலேயே அவர் ஓட்டிப் பழகிவிட்டால் தனக்குப் பயம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தான்.

"யார் ஓட்டுனாலும் கணக்கு ஒண்ணுதான். போட்டி அன்னைக்கு ஓடுனா போதும்" என்று சொல்லிவிட்டு டைரியில் குனிந்துகொண்டார்.

இரண்டு நாள் கணக்குப் போட்டார். இன்ஜினுக்குக் காற்று போதவில்லை என்று கண்டுபிடித்தார். யானைத் தும்பிக்கை போல ஒரு குழாயை எங்கிருந்தோ தபாலில் வரவழைத்து மாட்டச் சொன்னார். மாட்டியதும் பாதி மிதியிலேயே கார் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. படித்தவர்களோடு போட்டி போடுவதில் இதுதான் கஷ்டம் என்று அலுத்துக்கொண்டு, சொரிமுத்து கியர் பெட்டியைத் திறந்து, மூன்றாவது கியரும் அதற்கு மேலும் விழவே விழாதபடி உள்ளே ஒரு இரும்புத் துண்டை வைத்துப் பற்றவைத்தான்.

இப்படியே ஆடி போனது. சாரல் விழத் தொடங்கி, குற்றாலத்துக்குக் கூட்டம் வந்து, வேன்களும் டாக்சிகளும் பிரேக் பிடிக்கவில்லை, வைப்பர் ஓடவில்லை என்று வாசலில் வரிசை கட்டின. உள்ளே சொரிமுத்து ஒரு காரை ஒரே நேரத்தில் வேகமாக்கிக்கொண்டும் மெதுவாக்கிக்கொண்டும் இருந்தான். காலையில் சாருக்காக ஒரு வேலை, சாயங்காலம் சாரின் உயிருக்காக அதற்கு எதிர்வேலை. சம்பளம் இல்லாத இரண்டு ஆட்களாக ஒருவனே உழைத்தால் என்ன ஆகுமோ அது அவனுக்கு ஆனது. உட்கார்ந்த இடத்தில் தூங்கினான். ஒரு டாக்சிக்கு எண்ணெய் மாற்றும்போது பழைய எண்ணெயை இறக்கி, அதையே திரும்ப ஊற்றினான்.

சார் ஒன்பது மணிக்கு வந்துவிடுவார். பாடம் நடத்திப் பழகிய வாய் சும்மா இருக்காது. எஸ்டேட்டுக்கு நடந்தே போய்ப் பன்னிரண்டு வளைவுகளையும் அளந்து படம் வரைந்து வந்திருந்தார். பிரேக்கை எப்படி வைப்பது என்று தெரிய வேண்டுமானால் வளைவுகள் தெரிய வேண்டும் என்று சொரிமுத்துவை மனப்பாடம் செய்ய வைத்தார்.

"ஆறாவது?"

"கொண்டை ஊசி சார். வலது."

"முன்னாடியே பிரேக்கா, உள்ள போய்ப் பிரேக்கா?"

"முன்னாடியே."

"ஏழாவது?"

பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவன், காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி ஏழாவது வளைவைச் சொன்னான். ஒரு மாணவன் கிடைத்த சந்தோஷம் பெரியவருக்கு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

கடைசியில் கழற்ற ஒன்றும் மிச்சமில்லாத நாளும் வந்தது. சார் காரைச் சுற்றி வந்தார். பிறகு சொரிமுத்துவைச் சுற்றி வந்தார்.

"நாளையில இருந்து பரோட்டா கிடையாது."

"யாருக்கு சார்?"

"நமக்குத்தான். வண்டியில குறைக்க முடியாததை மனுஷன்ல குறைக்கணும்."

சாரிடம் குறைக்க எலும்பைத் தவிர ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவர் தன்னுடைய நாலு மணி வடையை நிறுத்திவிட்டார். பெரியவர் தனியாகப் பட்டினி கிடக்க வேண்டாமே என்று சொரிமுத்துவும் பரோட்டாவுக்குப் பிரானூர்ப் பக்கம் போவதை நிறுத்தினான். சார் அவனைத் தினமும் இரும்புக்கடைத் தராசில் ஏற்றிப் பார்த்து, டைரியில் எழுதிக்கொண்டார். மனுஷனுக்கு எதையாவது எழுத வேண்டியிருக்கிறது. ஒரு மாதத்தில் ஆறு கிலோ போனது.

"கார் எளைக்கல, நீங்க எளைச்சிட்டீய" என்றாள் முத்துச்செல்வி. "அந்தாளு உயிரக் காப்பாத்துறதுக்குள்ள ஒங்க உயிரு போயிரும் போலுக்கு."

"இன்னும் பத்து நாளு. அதுக்கப்புறம் கார் மேக்கரைல, நான் கட்டில்ல."

போட்டிக்கு முந்தின வாரம் சார் அவனிடம் லைசென்ஸ் ஜெராக்ஸும் இரண்டு போட்டோவும் வாங்கி, நாலைந்து ஃபாரங்களில் கையெழுத்து வாங்கினார். மெக்கானிக்குக்கும் பாஸ் உண்டு போலிருக்கிறது என்று நினைத்து, சார் காட்டிய இடத்திலெல்லாம் சொரிமுத்து போட்டான். அவ்வளவும் ஆங்கிலம். வாசிக்கிற நிலையில் அவன் இல்லை.

ஆவணி ஞாயிற்றுக்கிழமை. சாரல் நின்று மலை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எஸ்டேட் வாசலில் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று எல்லா ஊர்க் கூட்டமும் நின்றது. மேலகரம் ஆட்டோ ஸ்டாண்ட் முழுசாக வந்திருந்தது. கதவில்லாத காரின் முன்பக்கத்தில், சார் சொன்னபடி, 'சொரிமுத்து மோட்டார்ஸ், மேலகரம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்கு மேலே பதினேழு என்று நம்பர்.

"அண்ணாச்சி, ஊரு பேரக் காப்பாத்திருங்க" என்று ஆட்டோக்காரர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"நம்ம கையில என்ன இருக்கு" என்றான் சொரிமுத்து. உண்மையிலேயே சோர்ந்துபோய்ச் சொன்னான். அதை அடக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சங்கத்திலிருந்து சுகந்தி என்றொரு இளம்பெண், கையில் அட்டையோடு கார்களைச் சோதித்து வந்தாள். கூண்டைப் பிடித்து ஆட்டினாள். கார் ஆடியது, கூண்டு ஆடவில்லை.

"இவ்வளவு ஸ்ட்ராங்கான கூண்டை நான் பாத்ததே இல்ல சார். இது மேல பாறை விழுந்தா பாறைக்குத்தான் சேதம்" என்று டிக் அடித்தாள். சார் பெருமையாகச் சொரிமுத்துவைப் பார்த்தார். சொரிமுத்து மலையைப் பார்த்தான்.

முதல் கார் கிளம்பியது. கோவில்பட்டி டாக்டர் ஒருவருடையது. மரங்களுக்கு நடுவே அது உறுமிக்கொண்டே போய், இரண்டு நிமிஷம் நாற்பது செகண்டில் உச்சிக்குப் போனதாக மைக்கில் சொன்னார்கள். அடுத்தது இரண்டு நிமிஷம் ஐம்பது. ஐந்தாவதாகப் போன ஒரு இளைஞன் ஆறாவது வளைவில் சுழன்று, ரப்பர் மரத்தில் மோதி, காரை அங்கேயே விட்டுவிட்டுக் கையைக் காலை உதறிக்கொண்டு நடந்து வந்தான். அவனுக்கு ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த சொரிமுத்துவின் முதுகில்தான் வியர்வை ஓடியது.

நாம் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டான். நம்முடைய வண்டி சுழலாது. சுழல வேண்டுமானால் முதலில் ஓட வேண்டும். பாதி மிதி, இரண்டே கியர், அடியில் இரும்புப் பலகை. எட்டாவது வளைவில் மூச்சு வாங்கும். பதினோராவதில் அநேகமாக நின்றுவிடும். ஜனங்கள் சிரிப்பார்கள். போனில் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்புவார்கள். ஓட்டுகிறவரைப் பார்த்துத்தானே சிரிப்பார்கள்? ஓய்வு பெற்ற வாத்தியார், ஏதோ ஆசைக்கு வந்தார் என்று ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். சிரிப்பு வந்த வழியே போய்விடும். உயிர் அப்படியா?

அந்த நேரத்தில் சார் பக்கத்தில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைப் பார்த்தார்.

"முப்பத்திநாலு வருஷம் போர்டுல சாய்தளம் வரைஞ்சேன் சொரிமுத்து. அதுமேல ஒரு சின்னப் பெட்டி வரைவேன். அது ஏறுமா, வழுக்குமான்னு பிள்ளைங்க கணக்குப் போடும். பெல் அடிச்சதும் அழிச்சிருவேன். ஒருக்காகூட அந்தப் பெட்டி மேல போயி நான் பாத்ததில்ல."

சொரிமுத்து பார்வையைக் காரின் அடிப்பக்கம் திருப்பினான்.

"உன்ன மாதிரி ஒருத்தன் கிடைச்சதாலதான் இது நடக்குது. எத்தனை தடவை மாத்தச் சொன்னேன், ஒரு நாளாவது முகம் சுளிச்சியா நீ" என்றார் சார். அவன் தோளை ஒரு தடவை தட்டிவிட்டு, சாமான் பையை எடுக்கக் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார்.

சொரிமுத்து நின்ற இடத்திலேயே குனிந்து காருக்குள் பார்த்தான். நட்டை எடுக்க முடியுமா? வெல்டிங். அவனே, ஆயுசுக்கும் கழலக் கூடாது என்று பற்றவைத்தது. கியர் பெட்டியைத் திறக்க ஒரு பகல் வேண்டும். பலகையை அறுக்க மின்சாரம் வேண்டும். இத்தனை மாதம் செய்ததில் அவிழ்க்கக்கூடிய முடிச்சு ஒன்றுகூட இல்லை. இவ்வளவு பக்குவமாக அவன் எந்த வண்டிக்கும் வேலை பார்த்ததில்லை.

"பதினாறாம் நம்பர் கிளம்பிருச்சு. பதினேழாம் நம்பர் வண்டி ரெடியா இருங்க" என்று மைக்கில் சுகந்தியின் குரல் வந்தது.

வேப்பமரத்தடியில் சொக்கம்மாள் ஆச்சி, சாருடைய மனைவி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இட்லித் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள். எட்டு மாதத்தில் சொரிமுத்து அவளை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான். சாரிடம் சொல்லத்தான் வாய் வராது. யாரிடமாவது சொல்லாமல் இனிமேல் நிற்க முடியாது என்று தோன்றியது. போய்ப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"வா தம்பி. ரெண்டு இட்லி வைக்கட்டா? வெறும் வயித்தோட நிக்காத."

"வேண்டாம் ஆச்சி. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சார்ட்ட சொல்லிராதீங்க."

"சொல்லு."

"நான் வண்டியக் கெடுத்து வச்சிருக்கேன்."

ஆச்சி இட்லியை எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"வேணும்னுதான் செஞ்சேன் ஆச்சி. பாதிக்கு மேல மிதிக்க முடியாது. ரெண்டாவது கியருக்கு மேல விழாது. அடியில ஒரு ஆளு கனத்துக்கு இரும்பு வச்சிருக்கேன். ஏறும், ஆனா மாட்டுவண்டி கணக்கா ஏறும். ஊரே கூடி நிக்கு, சிரிக்கத்தான் போறாங்க. கடைசியாத்தான் வரும். ஆனா ஒங்களுக்குச் சத்தியமாச் சொல்லுதேன், உசுருக்கு ஒரு சேதமும் வராது. சாரு பத்திரமா எறங்கி வந்துருவாரு. அதுக்காகத்தான் எல்லாம் செஞ்சேன். அவர மனசுல வச்சிக்கிட்டுத்தான் செஞ்சேன். என்ன மன்னிச்சிருங்க."

சொல்லி முடித்ததும் அவனுக்குப் பாரம் இறங்கியது. பங்குனி மாதத்திலிருந்து முதல் தடவையாக முழு மூச்சு ஒன்று விட்டான். இரண்டு இட்லி சாப்பிடலாம் என்றுகூடத் தோன்றியது.

கார்களுக்கு நடுவிலிருந்து விஸ்வநாதன் சார் வந்துகொண்டிருந்தார். கையில் புத்தம்புது ஹெல்மெட். வேட்டி நுனியால் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, எதிரே வந்த ஒரு மோட்டார் பைக்குக்கு ஒதுங்கி நின்று, அது போனதும் மறுபடி நடந்தார்.

ஆச்சி கணவரைப் பார்த்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள். பிறகு சொரிமுத்துவைப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் கேட்டாள்.

"அவுகளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே தம்பி, நீதான ஓட்டப் போற?"